வாங்குவாரில்லாத படங்கள்

1972-ஆம் ஆண்டின் இறுதியில் சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அபோலோ-17 யாத்திரிகர்கள், கறுத்த ஆகாயத்தின் நடுவே நீலமும் வெண்மையுமாகத் திகழும் பூமியின் முழு உருவத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்தபோது, அதைக் கண்ட ஜனங்கள் தாங்கள் குடியிருக்கும் இடம் இத்தனை அழகா என்று வியந்து போனார்கள். அந்தப் படம் பாடப் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் இன்றைக்கும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னால், ஜூலை 23-ஆம் தேதி, கலிபோர்னியாவின் கடற்கரையிலுள்ள வாண்டன்பர்க் தளத்திலிருந்து மேலே கிளம்பிய ஓர் இயந்திரம் எடுக்கத் தொடங்கிய படங்களை அப்படி நெஞ்சில் பதித்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே. வயல், காடு, ஏரி, பாலை, பனிமலை, நகரம் என்று பூமியின் முகத்தை ஒரே உயரத்திலிருந்து, ஒரே முறையில், பதினெட்டு நாளைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுத்துவைப்பது ஒன்றே அதற்கு விதிக்கப்பட்ட வேலை. பின்னால் லேண்ட்சாட் என்று பெயர் பெற்ற அந்த வரிசை இன்று ஒன்பதாவது செயற்கைக்கோளோடு நடந்து வருகிறது. ஒரு சர்க்கார் தன் குடிகளின் வரிப்பணத்தைக் கொண்டு நடத்திய காரியங்களில் இதைப்போன்ற பொறுமையான காரியத்தை நான் அதிகமாக அறியேன். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது, எப்போது குலைந்தது, குலைந்தபோது உலகம் எதை இழந்தது என்பதெல்லாம், ஆகாயத்தில் பறக்கும் இயந்திரங்களைப் பற்றி மட்டுமல்லாமல், சர்க்கார் என்ற ஏற்பாடு எதற்காக இருக்கிறது என்பதைப் பற்றியும் எனக்கு நிறையச் சொல்லியிருக்கின்றன.

இந்த யோசனை போர் அமைச்சகத்திலிருந்தோ, சந்திர யாத்திரையை நடத்திக்கொண்டிருந்த நாசாவிலிருந்தோ முதலில் பகிரங்கமாக வெளிவரவில்லை என்பது விசேஷமான செய்தி. நிலம், நீர், வனம், கனிமம் ஆகியவற்றைப் பராமரிக்கும் அமெரிக்க உள்துறையின் செயலாளராக இருந்த ஸ்டூவர்ட் யூடால், புவியியல் அளவைத் துறையின் தலைவர் வில்லியம் பெக்கோராவின் தூண்டுதலால், 1966 செப்டம்பரில், பூமியின் வளங்களை வானிலிருந்து கவனிக்கச் செயற்கைக்கோள்களை அனுப்பப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார். மற்ற இலாகாக்கள் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1960 முதலாகவே கொரோனா என்ற இரகசியத் திட்டத்தின் செயற்கைக்கோள்கள் அந்நிய தேசங்களைப் படம் பிடித்து, படச்சுருளைக் கூட்டில் அடைத்துக் கீழே போட, பாராசூட்டில் இறங்கும் அந்தக் கூட்டை விமானங்கள் நடுவானிலேயே கொக்கியிட்டுப் பிடித்துவந்தன. அப்படிச் சேர்ந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் 1995 வரையில் பூட்டிய அறைகளுக்குள்ளேதான் இருந்தன. ஆகவே மேலிருந்து பார்க்கும் கண் அந்தச் சர்க்காரிடம் முன்னமே இருந்தது. பார்த்ததை ஜனங்களிடம் காட்டும் மனம்தான் புதிதாகப் பிறக்க வேண்டியிருந்தது. அந்த மனம் நிலத்தையும் தண்ணீரையும் கவனிக்கும் இலாகாவில் பிறந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது.

அந்த முதல் செயற்கைக்கோளில் இரண்டு கருவிகள் ஏறிச் சென்றன. தொலைக்காட்சிக் கேமராக்களைப் போன்ற மூன்று கேமராக்களின் தொகுதியே பிரதானம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். நிலப்படம் வரைகிறவர்களுக்குப் பழகிய முறை அது. மற்றொன்று, ஹியூஸ் கம்பெனியில் பணிபுரிந்த வர்ஜீனியா நார்வுட் என்ற பெண்மணி உருவாக்கிய பல்நிறமாலை வருடி. ஒரு கண்ணாடி நொடிக்குப் பதின்மூன்று தடவைக்கு மேல் இப்படியும் அப்படியும் அசைந்து, கீழே ஓடும் நிலத்தைக் கோடு கோடாக வாசித்து, ஒவ்வோரிடத்திலிருந்தும் திரும்பும் ஒளியைப் பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு இரண்டு என நான்கு பிரிவுகளாகப் பிரித்து எண்களாக்கி அனுப்பும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த இரண்டாம் ஆண்டில் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்று, பெண் என்ற காரணத்தால் மூடிய கதவுகள் பலவற்றைத் தாண்டி வந்த அவர், இன்னும் அதிகப் பிரிவுகள் வேண்டும் என்று கருதியிருந்தார். செயற்கைக்கோளில் அவருக்குக் கிடைத்த எடை நூறு பவுண்டுதான் என்பதனால் நான்கோடு அமைய வேண்டியதாயிற்று. ஓயாமல் அசையும் கண்ணாடியை வானில் நம்பலாமா என்று விஞ்ஞானிகளே சந்தேகப்பட்டார்கள். அவருடைய குழுவினர் கருவியை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவைச் சுற்றி, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையை அதைக் கொண்டே படம் எடுத்துக் காட்டினார்கள்.

பிறகு நடந்தது சரித்திரம். பிரதானமென்று கருதப்பட்ட கேமராத் தொகுதி மின்கோளாறினால் சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. சந்தேகத்துக்கு இடமாயிருந்த அசையும் கண்ணாடியோ ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அதற்குப் பின் வந்த லேண்ட்சாட்டுகள் எல்லாம் நார்வுட் அம்மையார் காட்டிய வழியில் வந்தவைதாம். 96-ஆம் வயதில், 2023-இல் அவர் காலமானார். ஒளியை எண்ணாக்கித் தந்தார் என்பதே அவர் செய்த பெரிய உபகாரம் என்று நினைக்கிறேன். படம் கண்ணுக்கு விருந்தாகும், ஆனால் எண்ணை மட்டுமே இன்னோர் ஆண்டின் எண்ணோடு கூட்டவும் கழிக்கவும் முடியும். பசுமையான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவில் திருப்பி அனுப்புகிறது. வாடிய இலை குறைவாக அனுப்புகிறது. தண்ணீர் அதை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. பயிரின் நோவையும் ஏரியின் வற்றலையும் கரையோரத்தின் அரிப்பையும் வானிலிருந்து கண்டுகொள்வதற்கு ஆதாரம் இந்தச் சாதாரண பௌதிக உண்மைதான்.

இயந்திரம் செல்லும் பாதையிலும் ஒரு நுட்பம் உண்டு. பூமி சரியான உருண்டை அல்ல, நடுவில் சற்றுப் பருத்தது. அந்தப் பருமனின் ஈர்ப்பினால் செயற்கைக்கோளின் பாதைத் தளம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை திரும்பிக்கொண்டே வருகிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் அதுவேயாகும்படி உயரத்தையும் சாய்வையும் கணித்து வைத்தால், எந்த ஊரைக் கடந்தாலும் அங்கே ஏறக்குறைய அதே முற்பகல் நேரமாகவே இருக்கும். நிழல்கள் ஒரே பக்கம் விழும்; ஆகையால் நேற்றைய படத்தையும் பத்தாண்டுக்கு முந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கிராமத்துக் கர்ணம் ஆண்டுதோறும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் பார்வையிட்டு, இன்ன வயலில் இன்ன பயிர், இன்னது தரிசு என்று, அதை யாராவது கேட்டார்களா இல்லையா என்று பாராமல் அடங்கலில் எழுதிவைத்ததைப் போல, இதுவும் பூமி முழுவதற்கும் ஓர் அடங்கல் எழுதியது. முதல் கருவியின் ஒரு படப்புள்ளி தரையில் சுமார் ஒன்றரை ஏக்கர். இப்போதைய கருவிகளில் அது முப்பது மீட்டர்ச் சதுரம், அதாவது நம் கணக்கில் இருபத்திரண்டு சென்ட். ஒரு சிறு விவசாயியின் நிலம் தெரியும், அந்த விவசாயி தெரியமாட்டார். வேவு பார்க்கும் கண்ணுக்கும் பராமரிக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்க வேண்டிய மரியாதையான தூரம் இதுவே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

லாப்ரடார் கரைக்கு அப்பால் இருபத்தைந்து மீட்டர் அகலமும் நாற்பத்தைந்து மீட்டர் நீளமும் உள்ள ஒரு பாறைத் தீவை, அதாவது தன் படப்புள்ளியைவிடச் சிறிய ஒரு நிலத்தை, அந்த முதல் கருவி காட்டிக்கொடுத்தது. 1976-இல் அதைச் சோதிக்க ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்ட கனடிய அளவைத் துறை அலுவலரை அங்கே வரவேற்றது ஒரு பனிக்கரடி. அவர் உயிர் தப்பி மேலேறினார். தீவுக்கு லேண்ட்சாட் தீவு என்றே பெயர் வைத்தார்கள்.

இனி, அந்தப் பொறுமை குலைந்த கதைக்கு வருகிறேன். இத்தனை பிரயோஜனம் உள்ள பொருளை ஏன் வியாபாரமாக நடத்தக்கூடாது என்ற எண்ணம் எழுபதுகளின் முடிவில் வாஷிங்டனில் வலுப்பெற்றது. 1984-இல் அதற்கென்று ஒரு சட்டமே இயற்றி, மறு ஆண்டு ஈயோசாட் என்ற கம்பெனியிடம் படங்களை விற்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். சில நூறு டாலருக்குக் கிடைத்துவந்த ஒரு படத்தின் விலை நாலாயிரத்து நானூறு டாலர் வரையில் ஏறிற்று. பல்கலைக்கழகங்கள் ஒரு முழு ஆராய்ச்சிக்கு ஒன்றிரண்டு படங்களை வைத்துக்கொண்டு திருப்திப்பட வேண்டியதாயிற்று. இந்த விலையேற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்தது. வியாபாரி, வாங்க ஆள் இருக்கும் சரக்கைத்தான் உண்டாக்குவான். அது அவன் குற்றமும் அல்ல. ஆகவே கேட்பாருள்ள இடங்களின் மேல் கருவி கண் திறந்தது. கேட்பாரில்லாத இடங்களின் மேல் கண்ணை மூடிக்கொண்டு கடந்து சென்றது. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் ஏழை நாடுகள் பலவற்றுக்கு அந்தக் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கான வெற்றிடங்கள் உள்ளன. செயற்கைக்கோள் அங்கே பறக்காமல் இல்லை. பறந்தது, கருவியும் நல்ல நிலையில் இருந்தது, கீழே காடும் நதியும் மாறிக்கொண்டிருந்தன. பணம் கட்டுவதற்கு ஒருவர் இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்த நாட்கள் பதிவாகாமல் போயின. இன்று எத்தனை கோடி கொட்டிக்கொடுத்தாலும் 1988-இன் ஒரு முற்பகலை மீட்டுக்கொண்டுவர முடியாது. கடந்த காலத்தை யாரும் பின்னால் வாங்கிக்கொள்ள இயலாது என்ற ஓர் எளிய உண்மையை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எண்ணிப்பார்க்கவில்லையே என்ற துக்கம் எனக்கு ஆறுவதில்லை.

1989-இல் பணமில்லை என்று சொல்லி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு செயற்கைக்கோள்களையும் நிறுத்திவிடும்படி உத்தரவு போகும் அளவுக்கு நிலைமை முற்றியது. கடைசி நேரத்தில் பல இலாகாக்களிலிருந்து பணம் திரட்டி அவற்றைக் காப்பாற்றினார்கள். 1992-இல் புதுச் சட்டம் வந்து, பொறுப்பு மறுபடியும் சர்க்காரிடம் திரும்பிற்று. அடுத்த ஆண்டு ஏவிய ஆறாவது செயற்கைக்கோளோ பாதையை எட்டாமலேயே அழிந்தது. அப்போது இந்த நீண்ட ஞாபகத்தின் சங்கிலியைத் தனியாகத் தாங்கி நின்றது ஐந்தாவது லேண்ட்சாட். மூன்றாண்டு உழைப்பதற்கென்று 1984-இல் அனுப்பப்பட்ட அது, 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்த சில நாட்களுக்குள், சோவியத் சர்க்கார் அதிகம் பேசாமலிருந்த அந்த நிலத்தைப் படமெடுத்துக் காட்டியது. ஏழாவது செயற்கைக்கோள் 1999-இல் வந்து சேரும்வரை இடத்தைக் காலி செய்யாமல் காத்தது. 2013-இல் ஓய்வு கொடுக்கப்பட்டபோது அதற்கு வயது இருபத்தொன்பது. பழுதடைந்த உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தரையிலிருந்தே மாற்று வழி கண்டுபிடித்து அதை உயிரோடு வைத்திருந்த பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்த சர்க்கார் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும்தாம். அவர்களுடைய சிரத்தைக்கு என் நமஸ்காரம்.

2008-ஆம் ஆண்டு வந்தது. களஞ்சியம் முழுவதையும், முதல் படத்திலிருந்து அன்றைய படம் வரையில், உலகில் எவர் கேட்டாலும் இலவசமாகத் தருவது என்று அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை முடிவு செய்தது. விற்பனை மிக அதிகமாயிருந்த 2001-இல்கூட ஆண்டுக்குச் சுமார் இருபத்தையாயிரம் படங்களே போயின. கதவு திறந்தபின் ஓராண்டில் அந்தத் தொகை பத்து லட்சத்தைத் தாண்டிற்று. ஒரு படத்துக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் கனவிலும் தோன்றாத கேள்விகள் அதன் பிறகுதான் எழுந்தன. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் ஆறரை லட்சம் படங்களை ஒருங்கே ஆராய்ந்து, 2000 முதல் 2012 வரையில் பூமி 23 லட்சம் சதுர கிலோமீட்டர்க் காட்டை இழந்து, 8 லட்சம் சதுர கிலோமீட்டரைப் புதிதாகப் பெற்றது என்று 2013-இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையத்தார் முப்பது லட்சம் படங்களைக் கொண்டு, முப்பத்திரண்டு ஆண்டுகளில் 90,000 சதுர கிலோமீட்டர் அளவுக்கு நிலையான நீர்ப்பரப்பு மறைந்ததையும், அதைப்போல் இருமடங்கு பெரும்பாலும் அணைகளின் பின்னே புதிதாகத் தோன்றியதையும் 2016-இல் கணக்கிட்டார்கள். படம் எடுத்த நாளில் இந்தக் கேள்விகள் யாருடைய மனத்திலும் இல்லை. 2018-இல் மறுபடியும் கட்டணம் விதிக்கலாமா என்று வாஷிங்டனில் ஒரு ஆலோசனை எழுந்ததாகச் செய்தி வந்தபோது, பல நாட்டு விஞ்ஞானிகள் கலங்கியதற்கு நியாயம் இருந்தது; நல்லவேளையாக அது நடைமுறைக்கு வரவில்லை.

மேலிருந்து ஒருவர் பார்ப்பதும், கீழே இருப்பவர் பார்க்கப்படுவதும் ஆகிய இந்தச் சம்பந்தத்தில் அச்சத்துக்கு இடமில்லை என்று நான் சொல்லவில்லை. என் நாட்டின் கனிமத்தையும் விளைச்சலையும் எனக்கு முன்னால் பிறத்தியான் தெரிந்துகொண்டால் சந்தையில் என் கதி என்ன என்று புதிதாக விடுதலை பெற்ற தேசங்கள் கேட்டன. பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 1986 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள், பார்க்கப்படும் தேசத்தின் முன்சம்மதம் தேவை என்று சொல்லவில்லை. அந்தத் தேசத்துக்குத் தன் நிலத்தைப் பற்றிய விவரங்கள் பாரபட்சமின்றி, நியாயமான செலவில் கிடைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லின. அது முழுமையான நீதி அல்ல. அதனால்தான் சில தேசங்கள் தமக்கென்று கண் வேண்டும் என்று தீர்மானித்தன. இந்தியாவில் 1970-இலேயே பேராசிரியர் பிஷரோட்டி, கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் அகச்சிவப்புப் படச்சுருளோடு ஹெலிகாப்டரைப் பறக்கச் செய்து, வேர்வாடல் நோயை மரம் வெளிப்படையாக வாடுவதற்கு முன்பே கண்டறியலாம் என்று காட்டியிருந்தார். ஹைதராபாத்துக்கு அருகே ஷாட்நகரில் 1979 முதல் லேண்ட்சாட் படங்களை நேரடியாகப் பெற்றுப் பழகிய நம்மவர்கள், 1988 மார்ச்சில் பைக்கனூரிலிருந்து ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்ற சொந்தச் செயற்கைக்கோளை ஏவுவித்தார்கள். ஆனால் அது எடுத்த படங்கள் நம் மாணவர்களுக்கும் சிறு ஆய்வாளர்களுக்கும் தாராளமாகக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. ஐந்து மீட்டரும் அதைவிடப் பெரிதுமான படப்புள்ளி கொண்ட தரவுகள் இலவசமாகத் திறந்திருக்கும் என்று இந்திய விண்வெளிக் கொள்கை தெளிவாகச் சொல்லியது 2023-இல்தான். சொந்தக் கண் இருந்தும், கண்டதைச் சொந்த ஜனங்களுக்குத் தர இத்தனை காலம் யோசித்தது நமக்குப் பெருமை தருவதல்ல.

கண்டதை மறைக்காமல் வைப்பதன் முழு அர்த்தத்தை அறிய வேண்டுமானால் பிரேசிலைப் பார்க்க வேண்டும். லேண்ட்சாட் படங்களை எழுபதுகளின் தொடக்கத்திலேயே தன் மண்ணில் நிலையம் அமைத்துப் பெற்ற நாடு அது. அதன் தேசிய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமான இன்பே, 1988 முதல் ஆண்டுதோறும் அமேசான் காட்டில் வெட்டப்பட்ட பரப்பை அந்தப் படங்களிலிருந்து அளந்து வருகிறது. வரைபடங்களையும் கணக்கையும் எவரும் எடுத்துச் சரிபார்க்கும்படி வைத்திருக்கிறது. 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டர் என்றிருந்த அழிவு 2012-இல் 4,571-ஆகக் குறைந்தது. எங்கே வெட்டுகிறார்கள் என்று வானிலிருந்து வந்த எச்சரிக்கையும், அங்கே போய்த் தடுத்த அதிகாரிகளும், அதை விரும்பிய ஒரு சர்க்காரும் சேர்ந்ததனால் அது கைகூடியது. விரும்பாத சர்க்கார் வந்தபோது அழிவு மீண்டும் ஏறிற்று. 2019 ஜூலையில் ஜனாதிபதி போல்சொனாரோ, இன்பேயின் எண்கள் பொய்யானவை என்று பகிரங்கமாகச் சொன்னார். அந்த ஸ்தாபனத்தின் இயக்குநராக இருந்த பௌதிக விஞ்ஞானி ரிக்கார்டோ கல்வாவோ, தம் பதவி போகும் என்று தெரிந்தும், எண்கள் சரியானவை என்று ஜனாதிபதிக்கு எதிராகவே பேசினார். ஆகஸ்டு தொடக்கத்தில் அவரை நீக்கினார்கள். எண்களை நீக்க முடியவில்லை. மூலப் படங்கள் உலகத்தின் கையில் இருந்தன. எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் அவற்றைத் திறந்து மறுபடி அளந்து பார்க்கலாம் என்ற நிலைமை இருந்தது. அந்த நவம்பரில், இயக்குநர் மாறிய பின்பும், அதே இன்பே தன் ஆண்டுக் கணக்கை வழக்கம்போல் வெளியிட்டது: 9,762 சதுர கிலோமீட்டர், முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ முப்பது சதவீதம் அதிகம்.